வீட்டுத் தோட்டம்: சரிவு நிலத்துக்கு ஏற்ற கொடிகள்

தோட்டம் என்றால் கிணற்றடியில் சமமாக விரிந்து கிடக்கும் நிலம் என்றே எண்ணிப் பழகியவர்கள் நாம். தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் மைசூருக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இவ்வூரின் மேடுபள்ளம் முதலில் புதுமையாகவே தோன்றும். சாமுண்டி மலையின் அடிவாரப் பக்கமாக மனை வாங்கியவர்கள், வீட்டின் பின்புறம் நிலம் சரிந்து இறங்குவதைக் கண்டு, அதைத் தட்டுத் தட்டாக வெட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் எழும்பியவுடன் பிறக்கும் கேள்வி ஒன்றே: "இதன்மேல் எந்தக் கொடியை விடலாம்?" சங்கத்து அன்பர்கள் சிலர் அண்மையில் கேட்டதும் இதுவேயாகையால், இம்மாதம் அதையே எடுத்துக்கொள்வோம்.

நாற்றுப்பண்ணைக்குப் போனால் பூவின் நிறத்தைப் பார்த்துக் கொடியை வாங்கிவிடுகிறோம். சமநிலத்தில் அதனால் பெரிய கேடு இல்லை. சரிவு நிலத்தில் அப்படியன்று. அங்கே மேல்தட்டின் மண்ணையும் அதில் ஊறும் மழைநீரையும் சுவர் தாங்கி நிற்கிறது. சுவர் நம்முடையதாயினும், அது சரிந்தால் கல் விழுவது கீழ்வீட்டு முற்றத்தில். ஆகவே, பூ என்ன நிறம் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இக்கொடி எதைப் பற்றி ஏறும்? இதன் வேர் எங்கே போகும்? இது வளர்ந்த பிறகு சுவர் என் கண்ணுக்குத் தெரியுமா?

தட்டுத் தோட்டம் எப்படி அமைய வேண்டும் என்று கற்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணராஜசாகர் அணைக்கட்டின் கீழே பிருந்தாவனத் தோட்டம் இருக்கிறது. திவான் சர் மிர்சா இஸ்மாயில் காலத்தில் 1927-இல் தொடங்கி 1932-இல் முடிக்கப்பட்டது. காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. பெங்களூர் லால்பாக்கைப் பேணி வளர்த்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பீகல் இதன் அமைப்பில் பங்கு கொண்டார். விருந்தினரை அழைத்துக்கொண்டு மாலையில் போகிறோம். நீரூற்றையும் விளக்கையும் பார்த்து வருகிறோம். அடுத்த முறை போகும்போது பகலில் சென்று, தண்ணீருக்கு அங்கே எவ்வாறு வழி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு நீர் தனக்கென அமைத்த வாய்க்காலில் இறங்குகிறது; மண்ணை அறுத்துக்கொண்டு இறங்குவதில்லை. செடியும் கொடியும் அதற்குப் பிறகு வந்தவை. நம் வீட்டுப் பின்புறம் பத்தடிச் சரிவாயினும் முறை இதுவே: முதலில் நீர், அடுத்துச் சுவர், கடைசியில்தான் கொடி.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பெருமழையில் சாமுண்டி மலையில் நந்திக்குச் செல்லும் சாலையின் ஓரம் சரிந்து விழுந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய சரிவை எந்தக் கொடியும் தடுத்துவிடாது. கொடியின் வேர் மேல்மண்ணைத்தான் பிடிக்கும்; ஆழத்தில் ஊறிய நீரின் அழுத்தத்தைப் பிடிக்காது. நாலடிக்கு மேல் உயரும் சுவரைப் பொறியாளரைக் கேட்டே கட்ட வேண்டும். சாந்து பூசிக் கட்டிய சுவராயின், நீர் வடிவதற்குத் துளைகள் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சுவருக்குப் பின்னால் மண்ணுக்கு முன்னதாகச் சிறிது ஜல்லி நிரப்பச் சொல்லிக் கொத்தனாரிடம் வற்புறுத்த வேண்டும்.

இனிக் கொடிகளுக்கு வருவோம். எல்லாக் கொடியும் ஒரே விதமாக ஏறுவதில்லை. சார்லஸ் டார்வின் 1865-இல் கொடிகளைப் பற்றி ஒரு நீண்ட ஆராய்ச்சியை வெளியிட்டார். அவை பற்றி ஏறும் முறையைக் கொண்டே அவற்றை வகைப்படுத்தினார். நம் பாட்டிமார் புத்தகம் படியாமலே இதை அறிந்திருந்தனர். அவரைக்குக் கொம்பு நட்டார்கள். பாகலுக்குப் பந்தலில் கயிறு கட்டினார்கள். வெற்றிலைக்கு அகத்தியை வளர்த்தார்கள்.

தண்டாலேயே சுற்றி ஏறுபவை முல்லை, அவரை, சங்குப்பூ முதலியன. பற்றுக்கம்பி நீட்டிப் பிடிப்பவை பாகல், பீர்க்கு, புடலை, கோவை. முள்ளாலும் கொக்கியாலும் மாட்டிக்கொண்டு ஏறுபவை காகிதப்பூவும் மனோரஞ்சிதமும். வெற்றிலையும் மிளகும் கணுவில் சிறுவேர் விட்டு ஒட்டி ஏறுகின்றன. சர்க்கரைவள்ளி, வல்லாரை போன்றவை ஏறுவதே இல்லை. தரையில் படர்ந்து, கணுதோறும் வேரூன்றுகின்றன. சுற்றும் கொடியை வெறும் கல்சுவரின் அடியில் நட்டுவிட்டு, "ஏறவில்லையே" என்று வருந்துவதில் பொருளில்லை. கல்லைச் சுற்ற அதனால் இயலாது. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டுச் சென்ற பறம்பு மலைத் தலைவன் பாரியை நாம் கொடைக்காகப் போற்றுகிறோம். முல்லைக்கு என்ன தேவை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்தவன் என்றும் அவனைப் போற்றலாம். நமக்குத் தேர் வேண்டாம். இரண்டு மூங்கிலும் சிறிது கம்பியும் போதும்.

சரிவில் இன்னோர் உண்மையும் உண்டு. மேலே ஊற்றிய நீர் கீழே வந்து சேரும். எனவே மேல்தட்டு விரைவில் காயும். கீழ்த்தட்டில் ஈரம் தங்கும். இதை மனத்தில் கொண்டால் தேர்வு பாதி முடிந்தது.

மேல்தட்டின் விளிம்பில், வெயிலையும் வறட்சியையும் தாங்கிக் கீழ்நோக்கித் தொங்கும் கொடி வேண்டும். அதற்குக் காகிதப்பூவைப் போல் மற்றொன்று இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்கொடி, நீர் குறைந்தால்தான் நன்றாகப் பூக்கும். நாம் பூவென்று கருதும் வண்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. நடுவிலிருக்கும் சிறு வெண்குழல்தான் பூ. சுவரிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நட்டு, கிளைகளை விளிம்புக்கு வெளியே வளைத்து விடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் வெட்டாவிட்டால் அதன் பாரம் சுவருக்கு ஆகாது. முள் உள்ளதாகையால், பிள்ளைகள் ஏறி இறங்கும் படிக்கட்டுக்கு அருகில் வேண்டாம். அவ்விடத்தில் பத்துமணிப் பூவை வைத்தால் அது விளிம்பில் வழிந்து தொங்கும், வேரும் சிறியது. மண் சேர்க்காமல் கல்லடுக்கிக் கட்டிய சுவராயின் இடுக்கில் பிரண்டையை ஒடித்துச் செருகுங்கள். கவனிப்பாரற்று வளரும், துவையலுக்கும் ஆகும்.

இரு சுவர்களுக்கிடையே சரிவாகவே விட்ட மண் இருந்தால், அதைப் போர்த்திக் காக்கும் கொடி வேண்டும். பலர் சர்க்கரைவள்ளியை நினைப்பார்கள். விரைவில் படர்ந்து மழைத்துளியின் அடியைத் தாங்கும் என்பது மெய்யே. ஆனால் கிழங்கு எடுக்க மண்ணைக் கிளற வேண்டுமே! சரிவில் கிளறிய மண் அடுத்த மழையில் கீழ்வீட்டுச் சாக்கடையில் இருக்கும். சர்க்கரைவள்ளியைச் சமமான தட்டில் நடுங்கள். சரிவில், குறுக்கு வரிசையாக வெட்டிவேரை நட்டு, இடையில் நிழலும் ஈரமும் உள்ள பகுதிகளில் வல்லாரையை விடுங்கள். வெட்டிவேர் கொடியன்று, புல். எனினும் அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் பத்தடி ஆழம்வரை நேரே இறங்கக் கூடியது. சரிவு மண்ணைப் பிடிக்க உலகின் பல நாடுகளில் இதை நடுகிறார்கள். வாசனைக்காகத் தண்ணீர்ப் பானையில் நாம் இட்டுவைக்கும் வேர் இத்தனை பெரிய வேலை செய்கிறது. ஆனால் சரிவில் நட்டதை வேருக்காகப் பிடுங்கக் கூடாது.

கீழ்த்தட்டுத்தான் ஏறும் கொடிகளுக்கு உரிய இடம். ஈரம் உண்டு; பந்தல் போடச் சமநிலம் உண்டு. அவரையும் பீர்க்கும் பாகலும் அங்கே செழிக்கும். மைசூரின் பெயரையே தாங்கிய ஒரு கொடியும் உண்டு: தன்பெர்கியா மைசூரென்சிஸ். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் கொடி. மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த பூக்கள் நீண்ட சரமாகத் தொங்கும். தேன்சிட்டுகள் தேடி வரும். வெளிநாட்டுக் கண்ணாடிமனைகளில் இதை அருமையாக வளர்க்கிறார்கள். சரம் தொங்க இடம் வேண்டுமாகையால் எட்டடிக்குக் குறையாத பந்தல் தேவை. நிழல் விழும் மூலையில் வெற்றிலையை ஏற்றலாம். மைசூர் வெற்றிலையும் மைசூர் மல்லிகையும் புவிசார் குறியீடு பெற்றவை அல்லவா? இவ்வூர் மண்ணுக்கு அவை புதியவை அல்ல.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிட வேண்டும். சிற்றிலை அத்திக்கொடி சுவரில் ஒட்டி ஏறிப் பச்சைக் கம்பளம்போல் அழகாகத் தோன்றும். நாளடைவில் தண்டு தடித்து, விரிசலில் வேர் நுழைந்து கல்லைப் பெயர்க்கும். மஞ்சள் பூ பூத்துத் தரையில் படரும் வெடீலியா எங்கும் இலவசமாகக் கிடைக்கும். வேலி தாண்டி அடுத்தவர் நிலத்துக்கும் இலவசமாகவே போய்விடும். உண்ணிச்செடியின் கதை எல்லாருக்கும் பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது, இன்று பந்திப்பூர்க் காட்டில் மான் மேயும் புல்லுக்கு இடமின்றி அடைத்து நிற்கிறது. மலைமகாதேசுவர மலையில் சோலிகர் மக்கள் அதன் தண்டால் நாற்காலி முதலியன செய்து சிறிது பயன் காண்கின்றனர்.

என் தொழிலோடு தொடர்புடைய கொடி ஒன்றும் உண்டு. ஐந்து விரல்போல் பிரிந்த இலையும் ஊதாப் பூவும் உடைய அதை ஆங்கிலத்தில் 'ரயில்வேக் கொடி' என்றே அழைக்கிறார்கள். வேலியிலும் கம்பத்திலும் ஏறி, ஒரே மழைக்காலத்தில் அனைத்தையும் மூடிவிடும். பயணிகளுக்கு அது அழகு. பாதையைக் காப்பவர்களுக்கு அன்று. இருப்புப்பாதையின் கரையிலும் பாலத்துச் சுவரிலும் மண்டும் செடிகொடிகளை அவர்கள் வெட்டிக்கொண்டேயிருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி இன்மை அன்று. மூடிய சுவரில் விரிசல் தெரியாது. அடைபட்ட வடிகால் தெரியாது. வீட்டுச் சுவருக்கும் விதி அதுவே. எந்தக் கொடியாயினும், நீர் வடியும் துளைகளைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். துளையில் நீர் தெளிவாக வடிந்தால் கவலையில்லை. சேறாக வடிந்தாலும், பெருமழையில் ஒன்றுமே வடியாவிட்டாலும், சுவரின் நடு வயிறு முன்னே தள்ளினாலும் உடனே கொத்தனாரை அழைக்க வேண்டும். கீழ்வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்குக் கூச்சப்படுவது, பிற்பாடு வரும் மனத்தாங்கலுக்கு வித்தாகும்.

நடும் காலம் பற்றி ஒரு சொல். நம் ஊரில் ஐப்பசி அடைமழையை எதிர்பார்த்தே பழகியவர்கள் நாம். மைசூரில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை; மே மாதத்தில் ஒரு முறையும், செப்டம்பர் அக்டோபரில் மறுமுறையும் மிகுதியாகப் பெய்யும். ஆகவே மே மழையில் மண் நனைந்ததும் நட்டுவிட்டால், அக்டோபர் மழை அடிப்பதற்குள் வேர் பிடித்துவிடும். அக்டோபரில் சரிவைக் கொத்தி நடத் தொடங்குவது மண்ணைக் கரைத்துவிடுவதற்குச் சமம்.

விதைக்கும் பதியனுக்கும் தேவராஜ மார்க்கெட்டுப் பக்கம் போகும்போது காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பாகல் அங்கே ஹாகல, பீர்க்கு ஹீரெ, பூ ஹூவு. பகரம் ஹகரமானதே தவிர கொடி ஒன்றுதான். கோவைக்காயைத் தொண்டெ என்பார்கள். பழந்தமிழில் கோவைக்கு வழங்கிய 'தொண்டை' என்ற பெயரை நாம் மறந்துவிட்டோம். காய்கறிக் கூடைக்காரர் இங்கே நாள்தோறும் கூவி விற்கிறார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே ஒரு பிரண்டைத் துண்டோ, ஒரு பிடி அவரை விதையோ கைமாறினால், சுவரைப் பற்றிப் பேசவேண்டிய நாளில் பேச்சு எளிதாக வரும்.

சுருங்கச் சொன்னால்: மேலே தொங்குவது, நடுவே பிடிப்பது, கீழே ஏறுவது, எங்கும் சுவர் கண்ணுக்குத் தெரிவது. அன்பர்கள் தங்கள் சரிவின் நீளம், உயரம், வெயில் விழும் திசை ஆகியவற்றைக் குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், தக்க கொடியை எழுதித் தெரிவிப்பேன். அடுத்த இதழில் பந்தல் போடும் முறையையும், மூங்கில் உளுக்காமல் காக்கும் வழியையும் காண்போம்.