மாப்பிள்ளைக்கு வாங்கிய ரீல்

இந்த வாரம் மீன் கதை. ஆனால் குழம்பு வைக்க முடியாத மீன்.

போன ஜூன் மாதம் டல்லஸில் மகள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். மகளிடம்கூடச் சொல்லாமல் டாக்ஸி பிடித்துக் கடைக்குப் போய், “இருக்கிறதிலேயே வேகமான ரீல் எது?” என்று கேட்டேன். 8.1:1 என்று போட்ட பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே 5.3:1 என்று இன்னொன்று இருந்தது. எட்டு இருக்கும்போது ஐந்தை எவனாவது வாங்குவானா? கடைக்காரர் மேல் தப்பே இல்லை, கேட்டதைக் கொடுத்தார். டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்ததும் எனக்குத்தான் லேசாகத் தலை சுற்றியது.

அந்த ஞாயிறு விடியற்காலையில் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போனோம். டல்லஸுக்குக் கிழக்கே இருக்கும் செயற்கை ஏரி. அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் அடியில் நிற்கின்றன. மரத்தடி நிழலில் பதுங்குவது பாஸ் மீன். (ஆபீஸ் பாஸ் இல்லை.) டெக்சாஸ் மாநிலத்திலேயே பெரிய பாஸ் 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் மாட்டியது. 18.18 பவுண்டு, அதாவது எட்டு கிலோவுக்கு மேல்!

மாப்பிள்ளை கட்டியது கிராங்க்பெய்ட். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொம்மை மீன். வாய்க்குக் கீழே நாக்கை நீட்டியது மாதிரி ஒரு தகடு இருக்கும். நரம்பைச் சுற்றச் சுற்றத் தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி, பொம்மையைத் தலைகுப்புற ஆழத்துக்குத் தள்ளும். தகடு பெரிதானால் ஆழமும் அதிகம், கைக்குப் பாரமும் அதிகம். அடியில் ஏதாவது கட்டையில் முட்டி விலகுகிற அந்த நொடியில்தான் பாஸ் பாயும்.

“ரொம்ப ஸ்மூத்தா இருக்கு மாமா” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பது மணிக்குள் அவர் நாலைந்து தடவை மணிக்கட்டைத் தேய்த்துவிட்டார். மீன் ஒன்றுகூட இல்லை. படகின் பெட்டிக்குள் பழைய ரீல் மாட்டிய ஒரு கோல் கிடந்தது.

“மாப்ள, அதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?”

“சும்மாதான் மாமா.”

இரண்டாவது தடவை கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெட்டியில் போட்டிருக்கும் எண், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பு இருக்கும் உருளை எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. நான் வாங்கியது ஒரு சுற்றுக்கு எட்டு தடவைக்கு மேல் சுற்றும். முப்பது அங்குலத்துக்கு மேல் நரம்பை இழுக்கும். பழையது ஐந்து. இருபது அங்குலம் சொச்சம்தான் வரும். உருளை பெரிதா சிறிதா, நரம்பு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறுமாம்.

நாற்பது வருடம் சைக்கிள் மிதித்தவன் நான். மேடேறும்போது எந்தக் கியர் வேண்டும் என்று எனக்கா தெரியாது? பதினைந்து அடி ஆழத்தில் பெரிய நாக்குப் பொம்மையை இழுப்பது மேடேறுகிற வேலை. அதற்கு நான் வாங்கித் தந்தது சமதரையில் பறக்கிற கியர்.

“மெதுவா சுத்தினா ஆச்சு?” என்றேன், விட மனசில்லாமல்.

“சுத்தலாம் மாமா. அஞ்சு நிமிஷம் ஞாபகம் இருக்கும். அப்புறம் கை அதுபாட்டுக்கு வேகமெடுத்துடும். அதுவும் இல்லாம வலி வந்துட்டா எங்கேர்ந்து சீரா இழுக்கறது?”

நான்கு அடித் தண்ணீரில் போடும் சின்ன நாக்குப் பொம்மைக்கு ஆறு, ஆறரை போதும். ஒரே ஒரு ரீல்தான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்கலாம் என்றார். எட்டு எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே சொன்னார். நாக்கே இல்லாத கிராங்க்பெய்ட் உண்டு. போட்டால் மூழ்கிவிடும், வேகமாக இழுத்தால்தான் மேலே நின்று ஓடும். பாரம் குறைவு. அதற்கு ஏழு, எட்டுதான் சரியாம். “குளிர் முடியும்போது பாசிக்கு மேல அதைத்தான் போடுவோம் மாமா. அப்போ இது வேணும்.” ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ரீலுக்குள் இந்தப் பல்சக்கரச் சமாச்சாரத்தை 1800களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் செய்தவர்களில் கென்டக்கியைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒருவர். தொழில், கடிகாரம் செய்வது. அதையும் படகில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு ரீலையும் என் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். என்னுடையதில் ஆழத்துப் பொம்மையை இழுத்தால், நீர் நிறைந்த குடத்தைக் கிணற்றிலிருந்து ஒற்றைக் கையால் இழுக்கிற மாதிரி இருந்தது. பழையதில் அடியில் கட்டை தட்டுவதுகூட விரலுக்குத் தெரிந்தது. அதைப் பேசாமல் அவர் பக்கம் நீட்டினேன்.

பத்தரை மணிக்குக் கோல் வளைந்தது. பத்தொன்பது அங்குல பாஸ். மசாலாவெல்லாம் என் மனசில் அரைபட்டு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை அளந்து பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டார்! அந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாதாம். பெரிதாகி முட்டையிட வேண்டிய மீன்கள். வீட்டுக்கு வந்து சாம்பார்தான்.

ரீலைக் கடையில் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ரசீதும் கொடுத்தேன். நான் ஊர் திரும்பும்வரை ரசீது அவர் மேஜையிலேயே கிடந்தது.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. தொப்பி, கம்பளிச் சட்டை, கையில் மீன், பின்னால் பாசி படர்ந்த தண்ணீர். மீனைவிட ரீல்தான் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜூம் செய்து பார்த்தேன். 8.1:1.