கெயின் திருகி சத்தம் கூட்டுவதற்கு அல்ல!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன பௌர்ணமி இரவு பதினொன்றரை மணி. எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டிய சந்தில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்த என் அண்ணன் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தார். திடீரென்று ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அண்ணன் நெஞ்சில் கை வைத்தபடி எழுந்து உட்கார்ந்துவிட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தால் டீக்கடை ஓரம் ஒரு கார். கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. உள்ளே இருந்தவன், "சார், நீங்களா?" என்று பதறி இறங்கினான். நான் பத்தாம் வகுப்பில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பையன். பேர் சொல்ல மாட்டேன், இதை அவன் படிப்பான்.

"கண்ணாடி ஏத்தித்தானே சார் வெச்சிருக்கேன்" என்றான். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். உன் காரை விட நீளம். அதைக் கார் கண்ணாடியா தடுக்கும்? பாட்டின் வரிகள் காருக்குள்ளேயே நின்றுவிடும். 'தும் தும்' மட்டும் அடுத்தவன் படுக்கையறைக்கு வரும்.

மறுநாள் காரோடு வரச் சொன்னேன். டிக்கியில் ஆம்ப். கெயின் திருகி முழுக்க வலது பக்கம், பாஸ் பூஸ்டும் முழுக்க. கடையில் அப்படித்தான் வைத்துக் கொடுத்தார்களாம். வாங்குபவர் நெஞ்சு அதிர்ந்தால்தான் பணம் கொடுப்பார் என்று கடைக்காரருக்கு நினைப்பு.

கெயின் என்பது சத்தம் கூட்டும் திருகி அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகி. அளவு மீறினால் அலையின் உச்சி மழுங்கித் தட்டையாகும். அதற்குக் கிளிப்பிங் என்று பேர். பாட்டு கரகரக்கும், ஸ்பீக்கர் காயில் சூடேறிக் கருகும். பாஸ் பூஸ்டில் 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் 16 மடங்கு சக்தி தர வேண்டும். எங்கிருந்து தரும்?

சரியான முறை இதுதான். சப்வூஃபர் ஒயரைக் கழற்றுங்கள். பாஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் சமம், லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ். ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கு. 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். எத்தனை வோல்ட் வர வேண்டும்? வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அவன் ஆம்ப் 300 வாட், ஸ்பீக்கர் 4 ஓம். பெருக்கினால் 1200, வர்க்கமூலம் 34.6. அவன் வைத்திருந்த இடத்தில் மீட்டர் 40-ஐத் தாண்டி நின்றது. 34.6-க்கு இறக்கி, ஒயரை மாட்டிப் போட்டோம். "சார், இப்பதான் பேஸ் கிட்டார் தனியா கேக்குது" என்றான். இத்தனை நாள் அவன் கேட்டது இசை இல்லை, ஆம்பின் அலறல்.

"கோயில் விழாவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அவர்களைக் கேட்டீர்களா?" என்பீர்கள். கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் சொன்னது எல்லோருக்கும்தான். அவர் தப்பு உனக்கு லைசென்ஸ் ஆகாது.

"மீட்டர் வெச்சுப் பாருங்க, அளவுக்குள்ளதான் இருக்கும்" என்றான் இன்னொருவன். அவனும் என் மாணவன்தான்! 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். ஆனால் அது காதுக்கு ஏற்ப எடை போட்ட 'ஏ' அளவு. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறக்குறைய 30 டெசிபல் கழிந்துவிடும். நிஜத்தில் 75 இருந்தாலும் மீட்டர் 45 காட்டும். மீட்டர் தப்பிக்கவிடும், என் அண்ணன் நெஞ்சு தப்பிக்குமா?

உறவினர்களில் சிலர், "இந்தக் கருமத்தையே தடை பண்ணணும்" என்கிறீர்கள். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் பாட்டு கேட்கட்டும். பிறந்தநாளுக்கு ஆம்ப் வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானே!

என் தப்பும் இதில் உண்டு. டெசிபலைப் பல வருடம் கரும்பலகையில் கணக்காக மட்டும் போட்டேன். அது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஆகவே இப்போது சொல்கிறேன். கெயினைச் சரியாக வைத்தாலும் ராத்திரி ராத்திரிதான். பத்து மணிக்கு மேல் ஸ்டீரியோவில் சப் அளவை 10 டெசிபல் இறக்குங்கள், சக்தி பத்தில் ஒன்றாகும். 14 கிலோமீட்டர் பாதையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் பக்கத்தில் வரும்போது அணைத்தே விடுங்கள். கார் ஆடியோ கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, டெஸ்ட் போட்டுக் காட்டும்போது மீட்டரையும் காட்டுங்கள்.

மல்டிமீட்டர் இல்லாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். அண்ணன் மதியம் தூங்குவார்.