நாற்காலி அம்மாக்களுக்கு, அலைச்சல் நமக்கு



மீம், டிரெண்டிங், எதிர்த்தரப்புக்குப் பதிலடி எல்லாத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரமா வச்சுட்டு இதைப் படிங்க. உங்க ஊர் கிளைச் செயலாளர் பேரு தெரியும். ஒன்றியச் செயலாளர் பிறந்தநாள் கூடத் தெரியும், டிசைன் போட்டு வாழ்த்து சொல்றோம். உங்க ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியோட மேலாண்மைக் குழுத் தலைவர் யாருன்னு தெரியுமா?

தலைமை ஆசிரியர்னு சொன்னீங்கன்னா தப்பு. தலைவர் ஒரு பெற்றோர். அவங்க பிள்ளை அந்தப் பள்ளியில படிக்கணும்.

இது சட்டம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், பின்தங்கிய, நலிந்த குடும்பங்களின் பெற்றோருக்கு அவங்க எண்ணிக்கைக்கு ஏத்த இடம். பள்ளி எப்படி நடக்குதுன்னு கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, வந்த பணம் எப்படிச் செலவாச்சுன்னு பார்ப்பது இவங்க வேலை. அந்தச் சட்டம் 8-ஆம் வகுப்போட நின்னுடும். ஆனா தமிழ்நாட்டில் 2022-ல் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் குழுக்களைத் திரும்ப அமைச்சப்போ உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளையும் சேர்த்துத்தான் அமைச்சாங்க. 2024 ஆகஸ்ட்டில் மறுபடியும் அமைச்சப்போ உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆச்சு, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைச்சுது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுக் குழு.

பெற்றோர் ஆசிரியர் கழகம்னு ஒண்ணு காலங்காலமா இருக்கே, அது வேற. ஆண்டு விழாவில் பொன்னாடை வாங்கற ஊர்ப் பெரியவருக்கான இடம் பெரும்பாலும் அது. இதுல நாற்று நடற அம்மா கேள்வி கேக்கலாம், தலைமை ஆசிரியர் பதில் சொல்லணும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அது சின்ன வித்தியாசம் இல்ல.

மூணாறு தலைப்புக்குப் பக்கத்துல இருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். மேட்டூர்ல திறந்துட்டாங்கன்னு டிவியில வரும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு பிரிச்சு விடுவாங்க. ஆனா வாய்க்கால் தூர் வாராம, மதகு பார்க்க ஆள் இல்லாம கடைமடைக்குத் தண்ணி போனதா சரித்திரமே கிடையாது. சென்னையில அரசாணை போடறது மேட்டூர் திறக்கற மாதிரி. பள்ளிக்கூட வாசல்ல மதகு பார்க்கிறது இந்த 24 பேர்.

இப்ப நடைமுறை. கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம். நடவு நேரத்தில், களை எடுக்கிற நேரத்தில் எந்த அம்மா வருவாங்க? அரை நாள் கூலி போயிடும். நான் முன்னாள் மாணவனா ஒரு பள்ளிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், பள்ளி பேரு வேண்டாம். ஏழு பேர் வந்தாங்க. தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடியே நோட்டுல கையெழுத்து வாங்கியாச்சு. டீ, பிஸ்கட், போட்டோ, முடிஞ்சுது. ஒரு அக்கா மட்டும் கிளம்பும்போது எங்கிட்ட மெதுவா கேட்டாங்க: "தம்பி, நாங்க இங்க என்ன கேக்கலாம்?"

அந்த அக்காவுக்குத்தான் மீதிப் பதிவு. உங்க வீட்டு அம்மாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

முதல் கேள்வி, தேர்ச்சி சதவீதம். ரிசல்ட் அன்னைக்கு நாமளே போஸ்டர் போடறோம், "100 சதவீதம் தேர்ச்சி, வாழ்த்துகள்"னு. இன்ஜினியரிங் முடிச்சு வேலை தேடறவன்கிட்ட மிச்சம் இருக்கறது கொஞ்சம் கணக்கு, அதனால சொல்றேன். ஒரு பள்ளியில 9-ஆம் வகுப்புல 40 பேர் சேர்ந்தாங்கன்னு வச்சுக்கோங்க. அதுல 34 பேர் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினாங்க, 34 பேரும் பாஸ். போஸ்டர்ல 100. ஆனா 40-ஆல வகுத்தா 85. அந்த ஆறு பேர் எங்க? திருப்பூர் பனியன் கம்பெனியா, நெல் அறுவடை மெஷின் வண்டியா, பதினஞ்சு வயசுல கல்யாணமா, இல்ல வேற பள்ளிக்கு மாத்திட்டுப் போய் நல்லா படிக்கிறாங்களா? கடைசியா சொன்னதுன்னா சந்தோஷம். எதுன்னு கேக்க ஆள் வேணும். சில இடங்கள்ல சதவீதம் குறையக் கூடாதுன்னே சுமாரா படிக்கிற பிள்ளைக்கு டிசி கொடுத்து அனுப்பறாங்க. நூறு நூறுன்னு நாம போடற போஸ்டருக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு.

2023 மார்ச் ஞாபகம் இருக்கா? பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வரலைன்னு மாநிலமே அதிர்ந்துச்சு. அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டித்தான் அந்தப் பிள்ளைகளைத் தேடச் சொன்னாங்க. தேடினது சரி. ஆனா தேர்வுக்கு வராத பிள்ளை அந்த ஒரு நாள்ல காணாமப் போகல. ஆடி, ஆவணியிலேயே வருகைப் பதிவில் ஓட்டை விழுந்திருக்கும். அதனால ஒவ்வொரு மாசக் கூட்டத்திலும் அம்மாக்கள் கேக்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த மாசம் பத்து நாளுக்கு மேல வராத பிள்ளைங்க யார் யார்? அவங்க வீட்டுக்கு யார் போனது?" பேரைச் சுவத்துல ஒட்ட வேண்டாம், குரூப்ல போட வேண்டாம். அந்தத் தெருவுல இருக்கிற உறுப்பினர் ஒரு எட்டு போய்ப் பார்த்தா போதும். வாத்தியாரை நிக்க வச்சுக் கேள்வி கேக்கற குழு இல்ல இது. அவருக்கும் துணைக்கு ஆள் கிடைக்குது.

அடுத்து பணம். 250-க்கு மேல 1000 வரைக்கும் பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு சமக்ர சிக்ஷா மானியம் வருஷத்துக்கு 75 ஆயிரம். அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்கு. அதாவது கழிப்பறைக்கு, கை கழுவற இடத்துக்கு 7,500 ரூபாய். 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு பிஎம் ஸ்ரீ கையெழுத்தோட முடிச்சுப் போட்டு நிறுத்தி வச்ச கதை உங்களுக்கே தெரியும், அதுக்குத் தனிப் பதிவே போடலாம். வராத பணத்துக்குச் சண்டை போடற நாம, வந்த பணத்தோட பில்லைப் பார்க்கறதுல என்ன கூச்சம்?

மூணாவது, வளாகத்துக்குள்ள என்ன நடக்கலாம், நடக்கக் கூடாதுங்கறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ள புகையிலைப் பொருள் விக்கக் கூடாதுன்னு 2003-லிருந்தே சட்டம் இருக்கு. கடைக்காரர் நம்ம கட்சிக்காரராவே இருக்கலாம், அப்பவும் சட்டம் அதேதான்.

கையில கட்டற கலர் கயிறு அதை விடப் பெரிய விஷயம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினது கூடப் படிச்ச பசங்க. அதுக்கப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்துச்சு. சாதி அடையாளக் கயிறு, மோதிரம் வேண்டாம், வகுப்புல அகர வரிசையில உக்கார வைங்கன்னு பரிந்துரை. இதெல்லாம் தெற்கத்திப் பிரச்சனைன்னு நாம தப்பிக்க முடியாது. 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாட்டு விருந்தில் எல்லாரோடயும் பந்தியில் உக்காந்ததுக்காகத் தாழ்த்தப்பட்ட மக்களை அடிச்சு, மொட்டை அடிச்சு, சாணிப்பால் குடிக்க வச்சாங்க. விடுதலை ஏடுதான் அதை வெளியில கொண்டு வந்துச்சு. அந்த ஊர்ல இன்னைக்குக் காலனித் தெரு அம்மா குழுத் தலைவரா உக்காந்தா, மத்தவங்க எதிர்ல பெஞ்சில உக்காந்து பேச வேண்டியிருக்கு. அந்த நாற்காலி லேசுல வந்தது இல்ல.

அதனாலதான் நம்ம ஆளுங்ககிட்ட ஒரு விஷயம் வெளிப்படையா பேசணும். குழுத் தேர்தல் வந்தாலே நம்மில் சிலருக்கு "நம்ம ஆள் தலைவராகணும்"னு ஒரு பரபரப்பு. மனைவி பேரை முன்னால நிறுத்தி, கூட்டத்துல கணவர் பேசறது. ஊராட்சியில பார்த்த கூத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு வர வேண்டாம். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குக் குழுவில் முறைப்படி இடம் இருக்கு, அவங்க அங்க வரட்டும். நீங்க பெற்றோரா, பெற்றோரா வாங்க. முன்னாள் மாணவரா, அப்படி வாங்க. கரை வேட்டி, துண்டு, ஸ்டிக்கர் எல்லாம் கேட்டுக்கு வெளியே. சீனியர் அண்ணன்கள் கோவிச்சுக்கலாம், பரவால்ல.

நம்மளால என்ன முடியும்? கூட்டத் தேதியை ரெண்டு நாள் முன்னாடி தெருவுக்குத் தெருவு சொல்ல முடியும். நடவு நாள்ல கூட்டம் வந்தா நேரத்தை மாலை ஆறு மணிக்கு மாத்தச் சொல்லிக் குழுவிலேயே தீர்மானம் போட வைக்கலாம். டிஎன்எஸ்இடி பேரண்ட்ஸ் ஆப்பை அம்மாக்கள் போன்ல போட்டுக் கொடுக்கலாம், தீர்மானம் அதுல ஏறுச்சான்னு கூட உக்காந்து பார்க்கலாம். ஏறின தீர்மானம் வட்டாரக் கல்வி அலுவலகத்துல தூங்கினா, அங்க போய் உக்கார்றதுதான் நம்ம வேலை. ரயில்வே கேட்டுல காத்துக் கிடக்கற நேரத்துல ரெண்டு போன் பண்ணினா கூட ஒரு வேலை முடியும்.

நீடாமங்கலம் ஒன்றியத்துல இருக்கிறவங்க உங்க ஊர்ப் பள்ளியில அடுத்த கூட்டம் என்னைக்குன்னு விசாரிச்சுட்டு கமெண்ட்ல ஊர் பேரும் தேதியும் மட்டும் போடுங்க. பட்டியல் போட்டு நாளைக்குச் சாயங்காலம் இதே பக்கத்துல பதிவிடறேன்.

தகவல் தொழில்நுட்ப அணி,
நீடாமங்கலம் ஒன்றியம்