கிரீஸ் எப்போது அடித்தாய்?

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னாலேயே அப்பாவின் கார் ஒரு பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டது. 1963-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். அம்மாவைச் சந்தைக்கு அழைத்துப்போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே நுழைய ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியதும் ‘டமார்’ என்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் மட்கார்டுக்குள் சாய்ந்து கிடந்தது. நடக்கிற வேகம்தான் என்பதால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மடியில் வைத்திருந்த முட்டைகள்தான் உடைந்தன.

என் கை நடுங்கியது வேறொன்றை நினைத்து. மறுநாள் விடியற்காலை தைப்பிங்கிலிருந்து பினாங்குக்கு, அதே காரில், நெடுஞ்சாலை வழியாகப் போவதாக இருந்தோம். அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர் என எல்லாரும் அதில்தான்.

அந்தக் காரை அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது, பணி ஓய்வு பெற்ற டிரசர் ஒருவரிடமிருந்து வாங்கினார். அப்பா போன பிறகு ஏழு ஆண்டுகள் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிட்டத்தட்ட 18,000 ரிங்கிட் செலவழித்தேன். பழைய சாம்பல் பச்சை நிறம், புதிய இருக்கை உறை, குரோம் முலாம் பூசிய பம்பர். காரைப் பார்த்தவர்கள் எல்லாரும் நின்று படம் எடுத்தார்கள். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து ஓயும் சத்தத்தைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பழைய கார்களில் கைதேர்ந்த சீனப் பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பெயிண்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலாயில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தாய், தம்பி?”

பதில் சொல்ல முடியவில்லை.

இன்றைய கார்களில் முன்சக்கரம் திரும்பும் இடத்தில் மூடிய பால் ஜாயின்ட் இருக்கும். தேய்ந்தால் மாற்றுவோம், அவ்வளவுதான். மைனரில் அங்கே செங்குத்தாக ஓர் இரும்புத் தண்டு நிற்கிறது. அதன் இரு முனைகளிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரைகள் ‘ட்ரனியன்’ என்ற துண்டுகளுக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்வது அந்த மரைதான். கிரீஸ் இருந்தால் பல்லாண்டு உழைக்கும். இல்லையென்றால் தண்ணீரும் மண்ணும் புகுந்து மரையை அரைத்துவிடும். ஒரு நாள் தண்டு கழன்று வர, சக்கரம் மடிந்துவிடும். பெரியவர் கழற்றிய துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். மரை இருக்க வேண்டிய இடம் மோதிரத்தின் உட்புறம்போல வழுவழுவென்று இருந்தது.

அப்போதுதான் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. சம்பளம் வாங்கியதும் வரும் ஞாயிற்றுக்கிழமை, பழைய சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிடுவார். கிரீஸ் கன்னை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி வைத்து, கறுத்த பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிப்பார். கிரிக்கெட் ஆடப் போக முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். 18,000 ரிங்கிட் கொடுத்து நான் வாங்காமல் விட்டது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

தாத்தாவின் காரையோ அப்பாவின் காரையோ மீட்டெடுக்கும் ஆசை இப்போது இளைஞர்கள் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் பணத்தைக் கீழிருந்து மேலே செலவழியுங்கள். முதலில் அடித்தளத் தகடு. நம் ஊர் மழைக்குத் துரு அங்கிருந்துதான் ஏறும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, புட்டிதான் இருக்கிறது. அடுத்து பிரேக். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் கால் விரிப்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓடாமல் நின்றாலும் அதை மாற்றத்தான் வேண்டும். பட்டன் தேயாத டயராக இருந்தாலும் வயதானால் ரப்பர் வெடிக்கும். இவையெல்லாம் முடிந்த பிறகு பெயிண்ட்டுக்குப் போங்கள்.

சாமான் இங்கிலாந்திலிருந்து வர ஒரு மாதம் ஆனது. இரண்டு பக்கத்துக்கும் மாற்ற, கூலியோடு 1,400 ரிங்கிட். நிச்சயதார்த்தத்துக்கு மைத்துனரின் வேனில்தான் போனோம். காரை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார்: “கால் வலிக்குதாம், வீட்டுல படுத்திருக்கு.”

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாக்கை விரிக்கிறேன். கிரீஸ் கன்னை எடுத்துக் கொடுக்கும் என் மகனுக்குக் கண்ணெல்லாம் கைப்பேசியில். முகத்தில் எரிச்சல் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. எத்தனை முறை அடித்தால் புதிய கிரீஸ் வெளியே வரும் என்று மட்டும் அவனை எண்ணச் சொல்கிறேன்.