தாத்தாவின் சைக்கிளுக்கு எத்தனை ரூபாய் வாடகை?

"இதையெல்லாம் எங்கடா வச்சிக்கப் போறீங்க?"

வில்லியனூரில் எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஆயா கேட்ட கேள்வி இது. மூன்று நாள்களாக யாரிடமும் பதில் இல்லை.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்தடுத்த நாள்களில் வீடூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்துகொள்ள, சங்கராபரணி ஆறு கரைதாண்டியது. எங்கள் வீட்டுக்குள் முட்டி அளவுக்குத் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் மண் சுவரில் பெரிய விரிசல். "இனிமே ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது, இடிச்சிட்டுக் கட்டிடலாம்" என்று அப்பா முடிவெடுத்தார். தை பிறந்ததும் இடிப்பது, பத்து மாதத்தில் கட்டி முடிப்பது, அதுவரை இரண்டு தெரு தள்ளி மாடியில் இரண்டு அறை வாடகை வீடு.

ஆள்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஐம்பது வருடப் பொருள்களுக்குத்தான் இடமில்லை.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் பிள்ளை என்பதால், "நீதான் போன்ல எல்லாம் பார்ப்பியே, இதுக்கு ஒரு வழி பாரு" என்று அம்மா என் தலையில் கட்டினார். இந்த வாரப் பத்தி, அப்படித் தேடியதில் நாங்கள் கற்றுக்கொண்டது.

பொருள்களுக்கும் ஒரு வாடகை வீடு

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் 'செல்ஃப் ஸ்டோரேஜ்' என்று ஒரு சேவை இருக்கிறது. பெரிய குடோனைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து மாத வாடகைக்கு விடுவார்கள். நம் பொருளை வைத்து, நம் பூட்டைப் போட்டு, சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது போய் எடுக்கலாம். இன்னொரு வகையில், அவர்களே வண்டியோடு வந்து பேக் செய்து, பட்டியல் எழுதி, கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். கேட்டால் திருப்பிக் கொண்டுவந்து தருவார்கள். நம் ஊரில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

அமெரிக்காவில் இது 1960-களில் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கிப் பரவியது. இந்தத் தொழிலின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றான 'பப்ளிக் ஸ்டோரேஜ்' கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த ஆண்டு 1972. வேலைக்காக ஊர் ஊராக மாறும் குடும்பங்கள், விவாகரத்து, மரணம், வீடு விற்பது என்று வாழ்க்கை திசை திரும்பும் இடங்களில்தான் இதற்குத் தேவை வருகிறது.

நமக்கும் இது முழுக்கப் புதிதல்ல. நெல்லுக்குக் குதிர், பாத்திரத்துக்குப் பரண், பட்டுப்புடவைக்கு ட்ரங்குப் பெட்டி என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். ரயில்வே ஸ்டேஷன் க்ளோக் ரூமில் பெட்டியை வைத்து ரசீது வாங்குவதும் இதன் குட்டி வடிவம்தான்.

ஆனால், வில்லியனூரிலிருந்து சென்னைக்குப் பொருளை அனுப்பி வைத்தால் வண்டி வாடகையே வாயைப் பிளக்க வைக்கும். எங்களுக்கு ஏற்ற வழி, பக்கத்திலேயே ஒரு ஷட்டர் கடையைப் பத்து மாதத்துக்கு வாடகைக்கு எடுப்பது. கிராமங்களில், சின்ன ஊர்களில் பலரும் செய்வது இதைத்தான். பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பேப்பரில் போட்ட கணக்கு

முதலில் பார்த்த கடைக்கு மாதம் 3,000 ரூபாய் கேட்டார்கள். பத்து மாதத்துக்கு 30,000. குட்டியானை வண்டி, ஏற்றி இறக்கும் ஆள் கூலி என்று போகவர 6,000. ஆக மொத்தம் 36,000 ரூபாய்.

அப்பா ஒரு நோட்டில் பொருள்களை எழுதினார். ப்ளைவுட் கட்டில், ஸ்பிரிங் எட்டிப்பார்க்கும் சோஃபா, பழைய டப்பா டி.வி, ஓடாத மிக்ஸி இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள், என் பத்தாம் வகுப்பு நோட்டுகள்... பக்கத்தில், "இன்னைக்கு வித்தா எவ்வளவு வரும்?" என்று ஒரு விலை. கூட்டிப் பார்த்தால் 15,000-ஐத் தாண்டவில்லை. 15,000 ரூபாய் பொருளைப் பாதுகாக்க 36,000 ரூபாய்!

ஸ்டோரேஜ் எடுக்கும் யாரும் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்: மாத வாடகையை மாதங்களால் பெருக்குங்கள், போகவர வண்டிச் செலவைக் கூட்டுங்கள். அதே பொருளைத் திரும்ப வாங்க ஆகும் செலவு அதைவிடக் குறைவு என்றால், அந்தப் பொருளுக்கு வாடகை கொடுக்காதீர்கள். இன்னொன்று, "மூணு மாசம்தான்" என்று வைப்பவை சத்தமில்லாமல் மூன்று வருடம் ஆகிவிடும். எடுக்கும் தேதியை முதல் நாளே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கணக்குக்குள் வராத பொருள்களும் உண்டு. அங்கேதான் வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

ஆயா சொன்ன 'வேணாம்'

தாத்தா ஏ.எஃப்.டி மில் தொழிலாளி. வில்லியனூரிலிருந்து தினமும் சைக்கிளில்தான் ஷிஃப்ட்டுக்குப் போவார். அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மில்லும் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. சைக்கிள் மட்டும் தாழ்வாரத்தில் துருப்பிடித்து நின்றது.

"காயலான் கடைக்குப் போட்டுடலாம்மா, வெள்ளத்துல வேற நனைஞ்சிருக்கு" என்றார் அப்பா.

ஆயா எதுவும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலையில் அம்மாவைக் கூப்பிட்டு, "என் பொட்டிய வேணா வித்துக்கோங்க, சைக்கிள் வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அது அவர் கல்யாணத்துக்கு வந்த மரப்பெட்டி. எங்கள் யாருக்கும் திறந்து பார்க்க அனுமதி இருந்ததில்லை. அன்றைக்கு ஆயாவே திறந்தார். மேலே இரண்டு புடவை. அடியில் துணிக்கடைப் பைகள், ஸ்வீட் கடை டப்பாக்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள்! அம்மா சிரிப்பை அடக்க, ஆயாவே சிரித்துவிட்டார். "எதுக்காச்சும் ஆவும்னு வச்சேன்டி."

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வேலை சுலபமானது. 'தூக்கிப் போடு' என்று மற்றவர் சொன்னால் வலிக்கும். பொருளின் சொந்தக்காரரே எடுத்துக் கொடுத்தால் வலிக்காது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் இல்லாத நேரம் பார்த்துச் சுத்தம் செய்யாதீர்கள். அவர்கள் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். நேரமாகும், பரவாயில்லை.

எதை வைத்தோம், எதை விட்டோம்?

மூன்று குவியலாகப் பிரித்தோம். தினமும் தேவைப்படுபவை வாடகை வீட்டுக்கு. புது வீட்டுக்குக் கட்டாயம் வேண்டியவை கடைக்கு. மற்றவை வெளியே.

கடைக்குப் போனவற்றில் முக்கியமானவை பழைய வீட்டின் தேக்கு நிலைவாசல், இரண்டு கதவுகள், நான்கு மரத்தூண்கள். இன்றைக்கு அதே தரத்தில் தேக்கு வாங்கினால் நாங்கள் கொடுத்த வாடகையைப்போலப் பல மடங்கு ஆகும் என்றார் தச்சர். கூடவே பித்தளை அண்டா, பீரோ, கொலு பொம்மைகள். வில்லியனூர்க்காரர்கள் மண் பொம்மையை லேசாக விட மாட்டோம். எங்கள் ஊர் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இந்தக் கலைக்காக வி.கே.முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டவர். பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வைக்கோல் திணித்து, மேலே 'கண்ணாடி மாதிரி' என்று ஆயா எழுதச் சொன்னார்.

உடுத்தும் நிலையில் இருந்த துணிகளைத் துவைத்து மடித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தோம். திருநெல்வேலியில் அன்றைய கலெக்டர் சந்தீப் நந்தூரி தொடங்கிய 'அன்புச் சுவர்' போல, வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் இடங்கள் உங்கள் ஊரிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய டி.வி, மிக்ஸி, சார்ஜர்களைப் போகியில் கொளுத்த வேண்டாம். புகை விஷம். மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

பொருள் குறைந்ததும் சின்னக் கடையே போதுமானது. மாதம் 1,800 ரூபாய்.

நாங்கள் செய்த தப்பு

கடையைத் தேர்வு செய்ததில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டோம். மூன்று படி ஏறிப் போகும் கடை. 2024 வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் வந்தது என்று பக்கத்துக் கடைக்காரர் சுவரில் இருந்த கறையைக் காட்டினார். முதல் படியோடு நின்றிருந்தது. நீங்களும் இடம் பார்க்கும்போது கூரையை மட்டும் பார்க்காதீர்கள், சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

கோட்டை விட்டது வேறு இடத்தில். அவசரத்தில் இலவம்பஞ்சு மெத்தையைச் சரியாக வெயிலில் காயவைக்காமல் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கிக் கட்டினோம். அதன் மேலேயே போட்டோ ஆல்பங்கள் இருந்த அட்டைப்பெட்டி. ஒன்றரை மாதம் கழித்து ஷட்டரைத் தூக்கினால் குப்பென்று வாடை. மெத்தை முழுக்கப் பூஞ்சை. ஆல்பத்தின் பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தாத்தா-ஆயா கல்யாணப் படம், பிரிக்கும்போது முகத்தோடு உரிந்து வந்துவிட்டது.

அது வீட்டில் இருந்த ஒரே படம். ஆயாவிடம் எப்படிச் சொல்வது என்று அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருடம் முன்னால், ஆயா பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைக்க அந்தப் படத்தை என் போனில் எடுத்திருந்தேன். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டோம். பழசுபோல இல்லைதான், ஆனால் முகம் இருக்கிறது.

ஆகவே, படங்கள், பத்திரங்கள், சான்றிதழ்களை வெளியே வைக்கவே வேண்டாம். கையோடு வைத்திருங்கள். போனிலும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுவதற்கு முன் கவனிக்க...

* ஃப்ரிட்ஜை இரண்டு நாள் முன்பே அணைத்து, துடைத்துக் காயவைத்து, கதவை லேசாகத் திறந்தபடி வையுங்கள். வாஷிங்மெஷின் குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

* கடிகாரம், ரிமோட், பொம்மைகளில் இருக்கும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் பொருள் வீண்.

* மரச்சாமான்களைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கட்டும். துணிக்கிடையே காய்ந்த வேப்பிலை, வசம்பு போடலாம். மாதம் ஒருமுறை திறந்து காற்றோட்டம் கொடுங்கள், கரையான் வந்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

* கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பெயின்ட், தின்னர், அரிசி பருப்பு, நகை, பணம் இவற்றை வைக்கவே கூடாது. வெளியூர் மாறுபவர்கள் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டால், புது ஊரில் அதைக் காட்டி இணைப்பு பெறலாம்.

* பெட்டிகளுக்கு எண் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி, மூடும் முன் போட்டோ எடுங்கள். இழப்பீடு கேட்க நேர்ந்தால் இதுதான் சாட்சி.

* நிறுவனத்திடம் ஒப்படைப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-வது பிரிவின்படி, நம் பொருளைப் பெற்று வைத்திருப்பவர், தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெள்ளம், தீ, பூச்சிக்கு யார் பொறுப்பு, இன்ஷூரன்ஸ் உண்டா, வாடகை பாக்கி விழுந்தால் பொருளை என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாமே பூட்டிச் சாவி வைத்திருக்கும் இடத்தில் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான். பிரச்னை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

சைக்கிள் எங்கே?

சைக்கிள் கடைக்கும் போகவில்லை, காயலான் கடைக்கும் போகவில்லை. "சும்மா நிறுத்தி வைக்கத்தானே இடம் வேணும், ஓட்டினா வேணாமே" என்றான் தம்பி. வில்லியனூர் ரயில் நிலையம் போகும் வழியில் இருக்கும் சைக்கிள் கடையில் 850 ரூபாய்க்கு டயர், ட்யூப், செயின் மாற்றினோம். இப்போது அவன் அதில்தான் தினமும் கட்டுமான இடத்துக்குப் போய், சுவருக்குத் தண்ணீர் அடித்துவிட்டு வருகிறான்.

மாடி வீட்டில் ஆயாவுக்குப் பெரிதாக வேலை இல்லை. சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் பெல் சத்தம் கேட்டால், "புள்ள வந்துட்டான், டீயைப் போடு" என்பார். எத்தனையோ வருடம் இதே சத்தத்துக்கு இதே வார்த்தையைச் சொன்னவர்தான் என்றார் அம்மா.

வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. நிலைவாசல் வைக்க நாள் பார்த்தாகிவிட்டது. அன்றைக்குக் கடையிலிருந்து முதலில் வெளியே வரப்போவது அந்தத் தேக்கு நிலைதான்.

உங்கள் வீட்டுப் பரணில், எதற்காக வைத்திருக்கிறோம் என்று தெரியாமலே இருக்கும் பொருள் என்ன? இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே இறக்கிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.