ஒரு நிமிஷம் அசையாம இருங்க!

சினிமா வகுப்பில் முதன்முதலாக என் கையில் கொடுத்தது கேமரா இல்லை. ஒரு காலித் தீப்பெட்டி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சினிமா கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. ஆசைப்பட்டது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் மகன். கோவில்பட்டியில் ஒரு மாடி ஹாலில், எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், 'அடிப்படைக் குறும்பட வகுப்பு' என்று போஸ்டர் பார்த்துவிட்டு வந்து நின்றான். பணம் கட்டினேன். இரண்டு வாரம் போனான். "கேமராவையே கண்ணுல காட்ட மாட்டேங்கிறாங்கம்மா" என்று நின்றுவிட்டான். கட்டிய பணம் திரும்ப வராது. பள்ளிக்கூட டீச்சர் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு அதை அப்படியே விட மனசு வருமா? மூன்றாவது ஞாயிறு அவன் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன்.

பதினோரு பேர். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், கழுகுமலையிலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, எல்ஐசி ஏஜென்ட் ஒருவர், மற்றபடி மீசை முளைக்காத பையன்கள். சொல்லிக்கொடுப்பவர் சென்னையில் பத்து வருஷம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்கே திரும்பி வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னை 'டீச்சர்' என்பார்.

விட்டுப்போன பாடத்துக்காகத்தான் அந்தத் தீப்பெட்டி. உள்பெட்டியைத் தள்ளி எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை ஒரு கண்ணில் வைத்து, இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு தெருவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. சிரிப்பாக இருந்தது. ஆனால் பார்த்ததும் புரிந்தது. நாற்பத்து மூன்று வருஷமாகப் பார்த்த அதே பஜார், நாலு ஓரம் வைத்துப் பார்த்தால் வேறாக இருக்கிறது. எது உள்ளே, எது வெளியே என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. டீக்கடைக்காரரை உள்ளே வைத்தால் பாய்லர் வெளியே போகிறது. தீப்பெட்டி ஊரில் இதைவிட மலிவான வியூஃபைண்டர் கிடையாது. நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் நிறையத் தெரிந்துகொண்டேன். போனில் படம் எடுக்கும்போது திரையில் முகத்தின் மேல் விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். நடுவில் படம் தானாக இருண்டு வெளுக்காது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் திரையில் கோடு கோடாக ஓடுமே, அது போனின் கோளாறு இல்லை. நம் ஊர் கரன்ட் விநாடிக்கு 50 சுற்று. விளக்கு 100 தடவை மினுக்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிகிறது. ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தால் கோடு நின்றுவிடும். சத்தம் நன்றாக வர வேண்டுமானால் பேசுகிறவர் பக்கத்தில் இன்னொரு போனை ரெக்கார்டரில் போட்டு வை, ஃபேனை அணை. இதற்கெல்லாம் நோட்டுப் போட்டு எழுதிய ஒரே மாணவி நான்தான். பையன்கள் என் நோட்டை போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நாலாவது வாரம்தான் கேமராவுக்கு வந்தார். "ஒரே ஒரு நிமிஷம். ஒரு ஆள், ஒரு வேலை. போனை எங்கேயாவது அசையாமல் வைத்துவிடுங்கள். ஜூம் கூடாது, பாட்டு கூடாது, வெட்டு ஒட்டு கூடாது. எடுத்துட்டு வாங்க."

ஏன் ஒரு நிமிஷம் என்றால், சினிமாவே அப்படித்தான் தொடங்கியதாம். பிரான்ஸில் லியோன் நகரத்து லூமியர் சகோதரர்கள் போட்டோத் தகடு செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். 1895-ல் அந்தத் தொழிற்சாலை வாசலில் கேமராவை நிறுத்தி, வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 28-ம் தேதி பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் அதுவும் ஒன்று. சார் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். வாசல் திறக்கிறது, வெளியே வருவது பெரும்பாலும் பெண்கள், நீளப் பாவாடையும் தொப்பியுமாக. ஒரு நாய் ஓடுகிறது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் தூக்குச்சட்டியோடு வரும் கூட்டம்தான் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் படம் ஒன்றில்லை, மூன்று இருக்கிறது. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, ஒன்றில் இரட்டைக் குதிரை, இன்னொன்றில் குதிரையே இல்லை. அதாவது உலகத்தின் முதல் படங்களில் ஒன்றையே மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள்! முதல் தடவை சரியாக வராத எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

என் ஆள் யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா இளையரசனேந்தலில் தனியாக இருக்கிறாள். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: கோவில்பட்டிக்கு மேற்கே, சுற்றிலும் கரிசல், வானம் பார்த்த பூமி. முன்பு சங்கரன்கோவில் தாலுகா. 2008-ல் எங்கள் பிர்காவைத் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி தாலுகாவில் சேர்த்தார்கள். ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளத்திலேயே தங்கிவிட்டது. பட்டாவுக்கு ஒரு பக்கம், பஞ்சாயத்து வேலைக்கு இன்னொரு பக்கம் பஸ் ஏறும் தாத்தாவைப் பற்றி எல்ஐசிக்காரர் ஒரு குறும்படக் கதை வைத்திருக்கிறார். அதில் வில்லனே கிடையாது, பஸ் டிக்கெட் மட்டும்தான். அவர் எடுத்தால் நான் கட்டாயம் பார்ப்பேன்.

அம்மாவிடம் போனை நீட்டியதும் உள்ளே போய்ப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தலை சீவி, விபூதி வைத்து, கேமராவைப் பார்த்து, "சொல்லு, என்ன பேசணும்?" என்றாள். முதல் டேக் அதோடு போயிற்று. இரண்டாவதில் நான் என்னை அறியாமல் கையை நீட்டி ஜூம் செய்துவிட்டேன். மூன்றாவது மறுநாள் காலையில். அம்மா வாசல் நடையில் உட்கார்ந்து முறத்தில் பாசிப்பயறு கொட்டி, கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கிழக்கு வெயில் பக்கவாட்டில் விழுந்தது. அம்மாவுக்கு எடுப்பது தெரியும். ஐந்தாறு விநாடியில் மறந்தும்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திரையில் போட்டார்கள். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயறு, விரல், வெயில். எனக்கே கூச்சமாக இருந்தது, சீக்கிரம் முடியாதா என்று. முடிந்ததும் சார் கேட்டார்:

"டீச்சர், அம்மா பொறுக்கின கல்லை ஏன் எறியலை?"

மறுபடி போட்டார். அப்போதுதான் பார்த்தேன். கல்லையும் சொத்தைப் பயறையும் அம்மா தூக்கிப் போடவில்லை. முறத்துக்குப் பக்கத்தில், சிமென்டுத் தரையில், ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளி வரிசையாக வைக்கிறாள். ஒரு வரிசை முடிந்ததும் அதற்கு நேர் கீழே அடுத்த வரிசை. அளந்து வைத்ததுபோல் இடைவெளி.

யாருக்கும் புரியவில்லை. பின்னால் இருந்து கழுகுமலைப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஆச்சியும் இப்படித்தான் மிஸ். கட்டை அடுக்குன கை."

கட்டை அடுக்குவது என்றால், பள்ளம் பள்ளமாக இருக்கும் மரச்சட்டங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி வரிசை வரிசையாக அடுக்கி இறுக்குவது. அதன் பிறகுதான் குச்சி முனையை மருந்தில் முக்குவார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள் என்று எனக்குத் தெரியும். யார்தான் போகவில்லை எங்கள் பக்கம்? ஆனால் அந்தக் கை என் சோற்றைப் பிசைந்தது, தலை பின்னியது. ஒரு தடவைகூட நான் அதை ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய்க் கேட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒம்பது வயசுல போனேன். விடியுமுன்னாடி பஸ் வந்திரும். எங்கம்மா என்னைத் தூக்கத்துலயே ஏத்தி விட்டுரும். பாதி நாள் பஸ் நிக்கும்போதுதான் முழிப்பேன்."

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தொழிலில் பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. அப்போது நான் பால்வாடியில் இருந்தேன். அம்மாவுக்கு அந்தச் சட்டம் வந்தபோது அது தேவைப்படவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னதும் சார் பூமணியைப் பற்றிச் சொன்னார். கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டிக்காரர், கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்த எழுத்தாளர். 'அஞ்ஞாடி' நாவலுக்காக 2014-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியவர். அவருடைய 'வெக்கை'தான் 2019-ல் வெற்றிமாறன் கையில் 'அசுரன்' ஆயிற்று. இது எல்லோருக்கும் தெரியும். அவரே ஒரு படத்தை இயக்கியிருக்கிறார் என்பது எங்களில் பலருக்குத் தெரியவில்லை. தொண்ணூறுகளில், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில், நாசரும் ராதிகாவும் நடித்த 'கருவேலம் பூக்கள்'. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய கதை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், சினிமாக்காரராக இல்லாமலே, நம் வீட்டுக் கதையைப் படமாக எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் 'அசுரன்' வசனம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெற்றிமாறனுடைய குரு பாலுமகேந்திரா. அவருடைய கதையையும் சார் சொல்லாமல் விடுவாரா? இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் பையனாகச் சுற்றுலா போன இடத்தில், ஆங்கிலப் படமொன்றின் படப்பிடிப்பு நடந்ததாம். இயக்குநர் டேவிட் லீன் 'மழை' என்று சத்தம் போட்டதும் மழை கொட்டியதாம். சொன்னதும் மழை வர வைக்கிற ஆளாகத் தானும் ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்ததாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். பிறகு புனே திரைப்படக் கல்லூரி, அப்புறம் நமக்குத் தெரிந்த படங்கள். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது மழை இல்லை. 1988-ல் வந்த 'வீடு' படத்தின் விதை அவருடைய அம்மா. சொந்த வீடு கட்டத் தொடங்கியதும் சிரிப்பு மறந்து ஆளே மாறிப்போன அம்மாவைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். அதை எத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து எடுத்திருக்கிறார் பாருங்கள்.

எங்கள் கடைசிப் பயிற்சி, எல்லோரும் சேர்ந்து ஒரு குறும்படம். அம்மா கதையையே எடுக்கலாம் என்று பையன்கள் குதித்தார்கள். கல்யாண வீடியோத் தம்பி பழைய கட்டை ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்துவிட்டார், குச்சியோடு. அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து அடுக்கச் சொன்னால் போதும்.

நான்தான் போய்க் கேட்டேன். அம்மா கட்டையைப் பார்த்தாள். தொடவில்லை.

"அதை மறுபடி உக்காந்து அடுக்கச் சொல்றியா?"

"ஒரே ஒரு நிமிஷம்மா."

"அப்பவும் 'ஒரே ஒரு வாரம்'னு சொல்லித்தான் ஏத்தி விட்டாக."

கட்டையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அலைந்து தேடியவர், பாவம். வகுப்பில் அரை மணி நேரம் வாக்குவாதம். "நடிக்கத்தானே சொல்றோம்" என்றான் ஒருவன். வேறு யாராவது ஆச்சியை வைத்து எடுக்கலாம் என்றான் இன்னொருவன். கழுகுமலைப் பெண், "எங்க ஆச்சியைக் கேக்கச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள். சார் எதுவும் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில், "பயறு பொறுக்கின நிமிஷமே போதும், அதை அப்படியே வச்சுக்குவோம்" என்றார்.

அப்படித்தான் செய்தோம். நாலு நிமிஷப் படம். விடியற்காலை இருட்டில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப், யாரும் இல்லை. அதே இடம் எட்டரை மணிக்கு, பள்ளிக்கூட வேன், சீருடைப் பிள்ளைகள். பிறகு அம்மா, முறம், விரல். மறுபடி வெறும் பஸ் ஸ்டாப். வசனம் கிடையாது. பின்னணி இசை வேண்டும் என்று அழுத பையனுக்காகக் கடைசிப் பெயர்ப் பட்டியலில் மட்டும் ஒரு புல்லாங்குழல்.

எட்டாவது ஞாயிறு வீட்டுக்காரர்களை அழைத்துப் போட்டுக் காட்டினோம். அம்மா அதே பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பை விட்டு ஓடிய என் மகனும் ஆச்சிக்குத் துணை என்ற சாக்கில் வந்திருந்தான். நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்கள் பெரிதாக வந்தபோது, மடியில் இருந்த அவள் கை கொஞ்சம் அசைந்தது. பிறகு சட்டென்று முன்னால் குனிந்து, திரையின் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, ஹாலுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அந்தா பாரு, முறத்து ஓரத்துல ஒரு கல்லு! அதை எடுக்காம விட்டுட்டேனே... நீயாச்சும் சொல்லக் கூடாதா?"