பார்வை இழந்தவர் கண்ட பகா எண்



பிள்ளைகள் பொறுக்கிவரும் ரப்பர் கொட்டைகளில் பன்னிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று அழகாக அடுக்கிவிடலாம். இன்னும் ஒன்றைச் சேர்த்துப் பதின்மூன்றாக்குங்கள். எப்படி அடுக்கினாலும் சமமான வரிசைகள் அமையா. ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும். இத்தகைய எண்ணையே பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11 எல்லாம் இந்த இனமே.

“சார், எண் பெரிதாக இருந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் அடுக்கித்தான் பார்க்க வேண்டுமா?” என்று நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி! இதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் ஆய்லர் என்னும் கணித மேதை. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றியவர்.

31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் 2,147,483,647 வரும். அதாவது 214 கோடிக்கும் மேல். இது பகா எண்தானா? தோற்றத்தை நம்ப முடியாது. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,047 வருகிறது. அது பகா எண்போலத் தெரிந்தாலும், 23ஐ 89ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான்!

ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கமானால், அவற்றில் ஒன்று சிறியதாக இருக்கும். ஆகவே, ஆய்லரின் எண்ணை 46,340 வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றில் பகா எண்கள் மட்டுமே 4,792 உள்ளன. ஆய்லர் இன்னும் ஆழ்ந்து யோசித்தார். இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் எதுவாயினும், அதை 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63தான் வரவேண்டும் என்று கண்டார். அவ்வாறு சலித்தபின் எஞ்சியவை 372 எண்களே. அவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை. ஆகவே அது பகா எண்ணே என்று 1772ஆம் ஆண்டில் அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கண்பார்வையும் ஏறக்குறைய முற்றாகப் போயிருந்தது.

2024ஆம் ஆண்டில் கணினிகளின் துணையோடு கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பகா எண்ணில் 41,024,320 இலக்கங்கள் உள்ளன. அதுவும் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து வந்ததே. ஆனால், கணினிக்கும் வழிகாட்டுவது மனிதன் யோசித்த குறுக்குவழிதான்.

பெற்றோரே! வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், பிள்ளை “ஏன்?” என்று கேட்கும்போது, “பேசாமல் படி” என்று அதட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான வகுத்தல்களை 372ஆகக் குறைத்தது அந்த “ஏன்”தான். “நமக்குப் படிப்பில்லையே” என்று ஒதுங்கவும் வேண்டாம். கையில் கொட்டைகளைக் கொடுத்து, அருகில் உட்கார்ந்து, அடுக்கச் சொல்லுங்கள். அதுவும் கணக்குப் பாடமே.

தம்பி தங்கைகளே, 91 பகா எண்ணா? அடுக்கிப் பாருங்கள். விடை அடுத்த இதழில்.